டீச்சரின் பதில்கள்: கற்பனை டீமுக்கும் ஓர் ஊர் வேண்டும்

போன இதழில் மஸ்கெலியாத் தம்பி ஒருவரின் கேள்வியை மட்டும் போட்டு, பதிலை இந்த இதழுக்கு வைத்திருந்தோம். அவர் ஒரு தொடர்கதை எழுதுகிறார். மலையகத்தில் எட்டு டீம்கள் ஆடும் ஒரு பேஸ்போல் லீக் அதில் வருகிறது. அந்தக் கேள்வியைப் பார்த்த மற்றவர்களும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே பரீட்சை, பிள்ளை வளர்ப்பு, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இம்முறை இதை மட்டும் பேசுவோம். தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு எல்லே என்ற நம் நாட்டு மட்டைப் பந்தாட்டம் பழக்கியவள் நான். கண்டியில் ஒரு பயிற்சி முகாமில் ஜப்பானியத் தொண்டர் ஒருவர் பேஸ்போல் சொல்லித் தந்தார். அன்றிலிருந்து அந்த ஆட்டத்தின் மேல் எனக்குப் பைத்தியம். அந்த டீம்களின் பெயர்கள் மேல் அதைவிடப் பைத்தியம்.

கேள்வி: டீச்சர், என் எட்டு டீம்கள் இவை: மஸ்கெலியா டைகர்ஸ், ஹட்டன் லயன்ஸ், நுவரெலியா ஈகிள்ஸ், தலவாக்கலை வொரியர்ஸ், பொகவந்தலாவை கிங்ஸ், தெமோதரை ரைடர்ஸ், ஹப்புத்தளை ஹோக்ஸ், கண்டி ரோயல்ஸ். என் மச்சான் வாசித்துவிட்டு, "ஊரை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாதே" என்கிறான். என்ன செய்யலாம்?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: மச்சான் சொன்னதுதான் சரியான சோதனை, தம்பி. எந்த ஊருக்கு வைத்தாலும் பொருந்துகிற பெயர் எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

அமெரிக்காவில் நிலைத்து நின்ற பெயர்களைப் பாருங்கள். டொட்ஜர்ஸ் என்றால் இன்று லொஸ் ஏஞ்சலிஸ். ஆனால் அந்த டீம் வளர்ந்தது நியூயோர்க்கின் புரூக்ளினில். தெருவெல்லாம் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய காலம் அது. அடிபடாமல் குதித்து விலகிப் போவதே புரூக்ளின்காரருக்கு அன்றாட வேலை. 'டிராமுக்குத் தப்பி ஓடுகிறவர்கள்' என்று சனம் சொல்லப்போய், அது டீமுக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்பு, 1888 வாக்கில், அதே டீமில் பல பேர் அடுத்தடுத்துக் கலியாணம் கட்டினார்கள். பத்திரிகைகள் அவர்களை 'மாப்பிள்ளைகள்' என்று எழுதின! மில்வோக்கி பியர் காய்ச்சும் ஊர், அதனால் புரூவர்ஸ். பென்சில்வேனியாவில் அல்டூனா என்று ஒரு ரயில்வே ஊர் இருக்கிறது. ரயில் மலை ஏறுவதற்காக 1854இல் அங்கே தண்டவாளத்தைக் குதிரை லாட வடிவில் வளைத்துப் போட்டார்கள். அந்த ஊர் டீமின் பெயர் 'கேர்வ்', வெறும் வளைவு. சிங்கம், கழுகு எதுவும் தேவைப்படவில்லை.

அல்டூனாவைப் படித்ததும் எனக்குத் தெமோதரைதான் ஞாபகம் வந்தது. 1924இல் பதுளையை எட்டிய நம் பாதையில், தெமோதரை ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில் குன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. பேஸ்போலிலும் அதுதானே? நாலு மூலையையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஓட்டம். ரைடர்ஸை எடுத்துவிட்டு 'தெமோதரை சுத்து' என்று வையுங்கள். சுத்து என்று கத்திப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு சுகமாக வருகிறது!

பொகவந்தலாவைக்கு 'கிங்ஸ்' ஏன்? அங்கே யார் ராஜா? அந்த மலைகளில் கவ்வாத்து வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். குனிந்த நிலையிலேயே கத்தி போகும். கிளை ஒரே வீச்சில் சாய்வாக அறுபட வேண்டும். பிளந்தால் அந்த வெட்டுவாயில் தண்ணீர் தங்கி மரம் பழுதாகும். ஆகவே நல்ல கவ்வாத்துக்காரன் இரண்டாம் வெட்டு வெட்டமாட்டான். மட்டை பிடிக்கிற டீமுக்கு இதைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும்? 'பொகவந்தலாவை கவ்வாத்து'. கடைசிச் சுற்றில் பெரட்டுக்களத்துச் சனம் முழுக்க "கவ்வாத்து! கவ்வாத்து!" என்று தப்பு அடிப்பதை எழுதும்போது உங்களுக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஹட்டனுக்கு 'நைட் மெயில்' என்று வைக்கலாம். சிவனொளிபாதமலை சீசனில் நடு இரவில் ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. பின் சுற்றுகளில் எழுந்து வந்து ஜெயிக்கிற டீமாக அதை வைத்துக்கொள்ளுங்கள். ஹப்புத்தளைக்கு மூட்டம் போதும், உயரே போன பந்து பிடிக்கிறவன் கண்ணுக்கே தெரியாது. கண்டி ரோயல்ஸை மாற்ற வேண்டாம். 1815 வரை நிஜ ராஜா இருந்த ஊர் அது. (கன்சாஸ் சிட்டி ரோயல்ஸ் என்ற அமெரிக்க டீமின் பெயர்கூட ராஜாவிடமிருந்து வந்ததில்லை. அந்த ஊரில் நடக்கும் 'அமெரிக்கன் ரோயல்' என்ற கால்நடைக் கண்காட்சியிலிருந்து வந்தது.) தலவாக்கலையை உங்களுக்கே விடுகிறேன். அங்கே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அருவி இருக்கிறது, அணை இருக்கிறது. ஊர்ச் சந்தியில் ஒரு மணி நேரம் நின்று யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இனி உங்கள் சொந்த ஊர். 'டைகர்ஸ்' என்பதை எடுத்துவிடுங்கள். இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. அத்தோடு இந்த நாட்டில் அந்தச் சொல் வெறும் விளையாட்டுப் பெயராகக் காதில் விழாது, அது உங்களுக்கே தெரியும். மிருகம்தான் வேண்டும் என்றால் உங்கள் பக்கத்து மிருகத்தையே எடுங்கள். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்தது. அதன் நினைவாக ஒரு டீம் இருக்கட்டும். ஆனால் மஸ்கெலியாவுக்கு என் மனதில் இருப்பது வேறு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் கட்டட மிச்சங்களும் சேற்றுக்கு மேலே தெரியும், சனம் திரண்டு போய்ப் பார்க்கும். உங்கள் டீமின் பெயர் 'மஸ்கெலியா பழைய டவுன்'. தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லாருடைய கடையும் வீடும் இருந்த டவுன் அது. எல்லாருடைய பிள்ளையும் அந்தச் சட்டையைப் போடலாம். தோற்றுத் தோற்றுப் போய் வரட்சி மாதத்தில் மட்டும் தலை தூக்குகிற ஒரு டீம்! கதையே கிடைத்துவிட்டது, தம்பி.

கேள்வி: நுவரெலியா டீமுக்குக் 'கொலராடோ ரொக்கீஸ்' மாதிரி மலைப் பெயர் வைக்கலாமா? உயரத்தில் ஆடினால் ஆட்டமே மாறும் என்கிறார்களே, உண்மையா டீச்சர்?
(பாடசாலை மாணவி, வெலிமடை)

பதில்: உண்மை, மகள். ரொக்கீஸின் ஊரான டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், அதாவது 1,609 மீற்றர். நம் நுவரெலியா 1,868 மீற்றர்! உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். அடித்த பந்தை மறித்து இழுக்கும் காற்று மெலிவதால் பந்து கூடுதல் தூரம் போகும். பந்து வீசுகிறவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுழற்றி விட்ட பந்தை வளைப்பதும் அதே காற்றுத்தான். அது மெலிந்தால் வளைவும் குறைந்துபோகும். டென்வரில் ஓட்டம் கொட்டு கொட்டென்று கொட்டியதால் 2002இலிருந்து பந்துகளை ஈரப்பதம் பேணும் அறையில் வைத்து எடுக்கிறார்கள், ஏனென்றால் காய்ந்த பந்து மட்டையிலிருந்து அதிகமாகத் துள்ளும். நம் நுவரெலியாவில் அந்த அறைக்குத் தேவை வராது. மழையும் மூடுபனியும் பந்தைக் காய விடாது. குளிர்ந்த காற்றுக் கொஞ்சம் கனம் கூடியது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆனாலும் ஏறக்குறைய 500 மீற்றர் உயரமுள்ள கண்டியிலிருந்து வரும் பந்து வீச்சாளர் நுவரெலியாவில் திணறுவார் என்று தைரியமாக எழுதலாம்.

பெயர் விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். கொலராடோவுக்கு மலை ஓர் அடையாளம். இங்கே எந்த ஊருக்கு மலை இல்லை? மலையை மலையகத்தில் ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது. நியூயோர்க் யாங்கீஸ் டீமின் பழைய பெயர் ஹைலேண்டர்ஸ். மன்ஹட்டனின் மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு மைதானத்தில் ஆடியதால் அந்தப் பெயர். 1913இல் மேட்டை விட்டு வேறு மைதானத்துக்குப் போனதும் பெயரும் கழன்று விழுந்தது.

என் தேர்வு 'நுவரெலியா லீக்ஸ்'. ஆமாம், மரக்கறி லீக்ஸ்தான். முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் மொன்ட்கோமரி என்ற ஊரின் டீம் 2004இலிருந்து 'பிஸ்கட்ஸ்' என்ற பெயரில் ஆடுகிறது, சனம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. பச்சை வாலை வெளியே நீட்டிக்கொண்டு லொறி லொறியாக மலை இறங்கும் லீக்ஸ் நுவரெலியாவின் சொந்த உழைப்பு. சீருடைக்கும் யோசிக்க வேண்டாம், கீழே வெள்ளை, மேலே பச்சை. பொஸ்டன் டீம் காலுறை நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டு 1908இலிருந்து ரெட் சொக்ஸாக இருக்கிறது. நிறமும் பெயரும் ஒன்றாக வந்தால் வாசகர் மறக்கவே மாட்டார்.

கேள்வி: நம் நாட்டில் நிஜமாகவே பேஸ்போல் ஆடுகிறார்களா? கதை நம்பும்படி இருக்குமா?
(வாசகர், கொட்டகலை)

பதில்: ஆடுகிறார்கள். ஹோமாகமைக்குப் பக்கத்தில் தியகமவில் ஜப்பானிய உதவியோடு அமைத்த பேஸ்போல் மைதானமே இருக்கிறது. அது நம் அக்கரபத்தனைப் பக்கத்து டயகம அல்ல, பெயரைப் பார்த்து மாறிவிட வேண்டாம். தோட்டங்களில் எல்லே ஆடாத பிள்ளை இல்லை. அடித்துவிட்டு ஓடுவது, நிற்பிடத்தைப் பிடிப்பது, சுற்றி முடிப்பது எல்லாம் கைவந்த விஷயம். கையுறையும் பந்து வீச்சு முறையும்தான் புதிது. கதையில் ஒரு அத்தியாயத்துக்குள் பழக்கிவிடலாம்.

கேள்வி: பிட்ஸ்பேர்க் டீமைக் கொள்ளைக்காரர் என்று ஏசியபோது அவர்கள் அதையே பெயராக எடுத்துக்கொண்டார்களாம். என் கதையிலும் தோட்டத்து டீமுக்குக் 'கள்ளத்தோணி' என்று வைக்க நினைக்கிறேன். நம்மை ஏசிய சொல்லை நாமே எடுத்துக்கொண்டால் அதன் விஷம் இறங்கிவிடாதா?
(வாசகர், ஹாலி எலை)

பதில்: இந்தக் கடிதத்தைப் பல நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அது என் கோபமும்தான். ஆனாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

பிட்ஸ்பேர்க் கதையை முழுசாகப் பாருங்கள். 1890இல் ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு லீக் தொடங்கினார்கள். அது ஒரே வருஷத்தில் படுத்துவிட்டது. அவர்கள் பழைய டீம்களுக்குத் திரும்பும் நேரத்தில், லூ பியர்பவர் என்ற ஆட்டக்காரரின் பெயரைப் பிலடெல்பியா டீம் தன் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டது. பிட்ஸ்பேர்க் முந்திப்போய் அவரை ஒப்பந்தம் செய்தது. "இது கடற்கொள்ளை" என்று மறுபக்கம் குதித்தது. 1891இலிருந்து பிட்ஸ்பேர்க் பைரட்ஸ். அதாவது ஒரு டீம், ஒரு காரியம், ஒரு வசவு. அந்தக் காரியத்தில் லாபமும் அவர்களுக்குத்தான். வசவைப் பதக்கமாகக் குத்திக்கொள்ள அவர்களுக்கு வலிக்கவில்லை.

கள்ளத்தோணி அப்படியா? களவாகத் தோணியில் வந்தவர்கள் என்று, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கூட்டி வரப்பட்டவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கு முழுசாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் அம்மா முதன்முதல் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபோது அவருக்குப் பேரப்பிள்ளை இருந்தது. அவர் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல விடமாட்டார்.

அடுத்து, மைதானத்தை நினைத்துப் பாருங்கள். டீமின் பெயரை அந்த டீமின் ஆட்கள் மட்டும் கத்துவதில்லை. எதிர்ப்பக்கமும் கத்தும். "கள்ளத்தோணி அவுட்!" என்று ஆயிரம் பேர் எழுந்து நின்று கத்துவதை, லயத்திலிருந்து பேரனின் ஆட்டம் பார்க்க வந்த ஒரு பாட்டி கேட்க வேண்டும். அந்தச் சொல்லை அதன் பழைய வாய்க்கே திரும்பக் கொடுத்தது போல ஆகிவிடும். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் டீம் 2021 வரை 'இந்தியன்ஸ்' என்ற பெயரில் ஆடியது. நாங்கள் மனிதர்கள், சின்னம் அல்ல என்று அந்நாட்டு முதற்குடிகள் பல பத்தாண்டுகள் சொல்லிப் பார்த்தார்கள். 2022இலிருந்துதான் பெயர் 'கார்டியன்ஸ்' ஆனது. ஊர்ப் பாலத்தில் நிற்கும் காவல் சிலைகளிலிருந்து எடுத்த பெயர் அது. தேடினால் நல்ல பெயர் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தீர்களா?

அந்தச் சொல்லைக் கதையிலிருந்து துடைத்து எடுக்கச் சொல்லவில்லை. அது எதிர் டீமின் வாயில் ஒரே ஒரு தரம் வரட்டும். உங்கள் பந்து வீச்சாளர் அதைக் கேட்டும் கேளாதது போலத் திரும்பி, அடுத்த பந்தை வீசட்டும். அந்த ஒரு இடம் போதும். டீமுக்குப் பெயராக நான் தருவது 'நடை'. டீமை மாத்தளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தது. வழியில் செத்தவர் ஏராளம். பேஸ்போலில் நாலு பந்து தப்பாக வந்தால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அவசரப்படாமல், தப்பான பந்தைத் தொடாமல், நடந்து நடந்தே ஓட்டம் சேர்க்கிற ஒரு பொறுமைசாலி டீமாக 'மாத்தளை நடை'யை எழுதுங்கள். எதிராளி அதைக் கத்தினாலும் நமக்குத் தலை குனிவில்லை.

கேள்வி: எல்லாக் கதையிலும் ஆண்கள்தான் ஆடுகிறார்கள். நான் ஒரு பெண்கள் லீக் எழுதுகிறேன். என் டீமுக்குக் 'கொழுந்து ராணிகள்' என்று வைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?
(தங்கச்சி ஒருத்தி, லிந்துலை)

பதில்: லீக் மிக நல்ல யோசனை. பெயர் வேண்டாம். அமெரிக்காவில் 1943இலிருந்து 1954 வரை பெண்களுக்கான தொழில்முறை பேஸ்போல் லீக் நடந்தது. பாவாடையோடு மண்ணில் சறுக்கித் தொடையெல்லாம் தோலுரிந்து ஆடினார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: ரொக்ஃபோர்ட் பீச்சஸ், ரசீன் பெல்ஸ், ஃபோர்ட் வெய்ன் டெய்சீஸ். பழம், அழகி, பூ! கெனோஷா டீமுக்கு 'கொமெட்ஸ்', வால்வெள்ளி. அந்த ஒன்றுதான் எனக்குப் பிடிக்கும். 'கொழுந்து ராணி' என்பது சுற்றுலாப் படத்தில் கூடையோடு சிரிக்கிற பெண்ணுக்கு வைக்கிற பெயர். மழையில் படங்கு கட்டி, அட்டைக் கடியோடு மலை ஏறுகிறவளை அந்தப் பெயரில் காணோம்.

நிறுவைக்குப் போய் நின்று பாருங்கள். கூடையைத் தராசில் மாட்டியதும் எல்லாருடைய கண்ணும் முள்ளில். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது ஒரு அக்கா எழுந்து, "இன்னொருக்கா நிறுங்க" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் பேச மாட்டார்கள், ஆனால் யாரும் நகரவும் மாட்டார்கள். நிறுக்கிறவர் திரும்ப நிறுத்துத்தான் ஆக வேண்டும். அந்த அக்காதான் உங்கள் கப்டன். டீமின் பெயர் 'லிந்துலை தராசு'. நடுவரின் தீர்ப்பைக் கேள்வி கேட்காமல் விடாத டீம்.

கேள்வி: நான் நீலகிரியில் கூடலூரில் இருக்கிறேன். என் தாத்தா மஸ்கெலியாவிலிருந்து ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டவர். கூடலூர் டீமுக்கு மஸ்கெலியாப் பெயர் வைத்தால் கதையில் ஒட்டுமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: நன்றாக ஒட்டும், மகன். டீம் ஊர் மாறினாலும் பெயரைக் கையோடு கொண்டுபோவது பேஸ்போலில் வழக்கம்தான். டொட்ஜர்ஸ் 1958இல் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபோது பெயரை விட்டுப் போகவில்லை. அத்லெட்டிக்ஸ் டீம் பிலடெல்பியாவிலிருந்து 1955இல் கன்சாஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லண்டுக்கும் அதே பெயரோடு போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நம் சனமும் வேறென்ன கொண்டுபோனார்கள்? தகரப் பெட்டி, அம்மி, தோட்டத்துப் பெயர். உங்கள் தாத்தா இருந்த தோட்டத்தின் பெயரையே டீமுக்கு வையுங்கள். அதை எப்படி உச்சரித்தார்களோ அப்படியே எழுதுங்கள், வரைபடத்தில் உள்ள மாதிரித் திருத்த வேண்டாம். முடிந்தால் மேலே எழுதிய மஸ்கெலியாத் தம்பியோடு பேசி, இரண்டு டீமும் ஒருமுறை மோதும்படி செய்யுங்கள். விலாசத்தை ஆசிரியர் பீடத்துக்கு அனுப்பினால் அவரிடம் கேட்டுச் சேர்த்து வைப்பார்கள்.

கேள்வி: எல்லாப் பெயரும் இப்படி ஆழமாக இருக்க வேண்டுமா? எங்கள் தோட்டத்தில் நிஜமாக இருக்கும் கிளப் பெயர் 'யங் ஸ்டார்'. பக்கத்துத் தோட்டம் 'நியூ ஸ்டார்'.
(வாசகர், கம்பளை)

பதில்: நல்லவேளை, நீங்கள் கேட்டீர்கள். எட்டு டீமுக்கும் எட்டு அருமையான பெயர் வைத்தால் ஒரே ஆள் ஒரே இரவில் உட்கார்ந்து யோசித்தது தெரிந்துவிடும். நிஜ லீக்கில் அப்படி நடக்காது. டொட்ஜர்ஸ் இருக்கும் அதே போட்டியில்தான் டிட்ரொய்ட் டைகர்ஸும் இருக்கிறது. ஜப்பானில் டீம்களை நிறுவனங்கள் வைத்திருப்பதால் பெயரில் நிறுவனப் பெயரும் சேர்ந்து வரும். யொமியுரி ஜயன்ட்ஸின் யொமியுரி ஒரு பத்திரிகை, ஹன்ஷின் டைகர்ஸின் ஹன்ஷின் ஒரு ரயில் கம்பெனி. ஹிரோஷிமா டீமின் பெயர் 'கார்ப்', கெண்டை மீன். அந்த ஊர்க் கோட்டைக்கே கெண்டைக் கோட்டை என்று ஒரு பெயர் உண்டு.

ஆகவே கம்பளைக்கு 'யங் ஸ்டார்' இருக்கட்டும். இன்னொரு டீமைப் பஸ் முதலாளி ஒருவரோ பேக்கரி முதலாளி ஒருவரோ நடத்தட்டும், சட்டையில் கடைப் பெயர் பெரிதாகவும் ஊர்ப் பெயர் சிறிதாகவும் வரட்டும். இரண்டு ஸ்டார்களும் ஒரே நாளில் ஆடினால் அறிவிப்பாளர் யாரைச் சொல்கிறார் என்று குழம்பும், அதையும் எழுதுங்கள். பெயருக்குச் சண்டை பிடித்து ஒரு கூட்டமே நடக்கும், செயலாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். நம் கிளப்புகளில் நடக்காததா?